சீனிவாசகம் அச்சடித்த வைத்தியம்

எங்கள் அத்தான் சீனிவாசகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி வியாபாரிகள் சங்கத்தில் கேட்டார்கள். உழைத்து உயர்ந்தவர் என்று ஆண்டு மலரில் போடுவார்களாம். எழுதுகிறேன். போடுகிறார்களா பார்ப்போம்.

திருத்தங்கலில் பிரஸ் வைத்திருக்கிறார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், சீசன் முடிந்தால் காலண்டர். உழைப்பாளிதான், அதை நான் மறுக்கவில்லை. பட்டாசுக்குப் பெயர் வைப்பது அவருக்குக் கைவந்த கலை. விரல் நீள வெடிக்கு வானமே பிளக்கிற மாதிரி படம் போடுவார். விற்பவனுக்கும் சந்தோஷம், வாங்குகிறவனுக்கும் சந்தோஷம், ஒருத்தரும் கேள்வி கேட்பதில்லை. அந்தப் பழக்கம்தான் அவரைக் கெடுத்தது. எதை எழுதினாலும் செல்லும் என்ற திமிர் வந்துவிட்டது.

என் அக்கா பொன்னுத்தங்கத்தை அவருக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையைத் தன்னைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது, உப்பும் எண்ணெயும் குறைய வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். உப்பைக் குறைத்த அன்றைக்கே அத்தான் தட்டைத் தள்ளிவிட்டார். "இத மனுசன் திம்பானா?" அப்புறம் அக்கா என்ன செய்வாள்? அவர் ருசிக்குக் குழம்பு வைத்துவிட்டு, கடைசியில் தானும் அதையே போட்டுச் சாப்பிட்டாள். அவர் விருதுநகர் போய் வந்தால் எண்ணெயில் பொரித்த பரோட்டா பொட்டலம் வரும். சாத்தூர் காராச்சேவு டப்பா காலியாகவே ஆகாது.

போன வருஷம் ஒரு பார்ட்டி வந்தான். பூண்டும் மீன் எண்ணெயும் சேர்த்த மாத்திரையாம், பாட்டிலுக்கு லேபிள் வேண்டுமாம். என்ன வாசகம் போடுவது என்று அவனுக்கே தெரியவில்லை. "நீங்களே பாத்து நல்லதாப் போடுங்க அண்ணாச்சி" என்றான். அத்தான் தலையைச் சொறிந்துகொண்டு சொல்லச் சொல்ல, டிசைன் போடுகிற அழகுராஜா என் கண் முன்னால் அடித்தான்: 'இதய அடைப்பை அடியோடு கரைக்கும்.' இதயத்துக்குச் சிவப்பு, எழுத்துக்குத் தங்க ஃபாயில். முதல் ஷீட் வந்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அப்படி ஒரு பார்வை பார்த்தார். பார்ட்டி கொடுத்த சாம்பிள் பாட்டிலில் ஒன்றை ஒட்டி வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்.

"இனிமே இதான். டாக்டர் மாத்திரையத் தின்னுதின்னு கிட்னி போயிரும்" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். கேள்விப்பட்டு ஓடினேன்.

"அத்தான், அது நீங்க எழுதுனது. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

"ஏலே, ஒண்ணும் இல்லாமலா அந்தப் பார்ட்டி அம்புட்டு லேபிள் அடிக்கான்?"

"அவன் உங்களக் கேட்டு எழுதுனான், நீங்க அவன நம்புறீக. நல்லா இருக்கு உங்க நியாயம்!"

அக்கா என்னைத்தான் அடக்கினாள். "விடுலே தம்பி. அவுகளுக்குத் தெரியாததா?" டாக்டர் மாத்திரையை நான் வாங்கி வந்து கொடுத்தேன். அத்தான் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அக்கா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

பிறகு அவள் மாடிப்படியில் பாதியில் உட்கார ஆரம்பித்தாள். வேர்த்து ஊற்றியது. "வாயுதான்" என்று சோடா வாங்கிக் கொடுத்தார் அந்த மகராசன், கூட அந்த மாத்திரையும். ஒரு நாள் காலையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மதுரைக்குக் காரில் கொண்டுபோகும் வழியில், விருதுநகரைத் தாண்டியதும், என் மடியில் அவள் மூச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" அத்தான் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மத்தியானம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அவருடைய பிரஸ்ஸிலேயே தயாரானது. வாசகம் அவர்தான் சொன்னார். கம்ப்யூட்டரில் அக்காவின் படத்துக்குக் கீழே நின்றது: 'எதிர்பாராத விதமாக இறைவனடி சேர்ந்தார்.'

"அந்த 'எதிர்பாராத' எடுங்க அத்தான்."

"எல்லாருக்கும் அப்படித்தானலே போடுறது."

"டாக்டர் சொன்னாரு. நான் சொன்னேன். படியில உக்காந்து உக்காந்து அவ உடம்பே சொல்லுச்சு. யாருக்கு எதிர்பாராதது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அழகுராஜாவைப் பார்த்து, "மெஷின ஓட்டுலே" என்றார்.

சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் ஒட்டியாயிற்று. துட்டி கேட்க வந்தவர்களிடம் எல்லாம் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். "எதிர்பாக்கவே இல்லையே! எதிர்பாக்கவே இல்லையே!" அந்த முகத்தில் ஒரு பொய்யாவது தெரியாதா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். இல்லை. அச்சில் ஏறிவிட்டது, நம்பிவிட்டார்.