எரியாத கண்

கண் பரிசோதனைக்கான சாயத்தைத் தன் கண்ணிலேயே விட்டுக்கொண்டு கிளினிக் பாத்ரூமில் குதித்த ஆப்டோமெட்ரிஸ்ட் நான்தான். பிறர் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

எல்லாம் எங்கள் டாக்டரம்மா நடத்திய பாடத்தால் வந்தது. MUC16 என்றொரு மரபணு. அதன் உத்தரவுப்படி கருவிழியின் செல்கள் தம்மேல் ஒரு வழுவழுப்பான புரதப் போர்வையைப் போர்த்திக்கொள்கின்றன. போர்வை ஒழுங்காக இருந்தால் ரோஸ் பெங்கால் என்ற சிவப்புச் சாயம் ஒட்டாது. கிழிந்த இடத்தில்தான் ஒட்டும். என் போர்வையைப் பார்த்துவிட ஆசைப்பட்டேன். கிழிசல் இல்லை. ஆனால் அந்த எரிச்சலில் கன்னத்தில் சிவப்புக் கண்ணீரோடு டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். கூட்டமான பஸ்ஸில் என் பக்கத்து ஸீட் மட்டும் கடைசிவரை காலி.

ஆகவே, சாயம் பட்டால் ஆள் துள்ள வேண்டும் என்பது எனக்கு அனுபவப் பாடம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வெல்டர் முத்தையா துள்ளவில்லை. பேண்டேஜ் கம்பெனி வேலையிலிருந்து நேரே வந்திருந்த அவர் மனைவி, என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இவிய கொஞ்ச நாளா கண்ணச் சிமிட்டவே மாட்டேங்காவ சார். தூங்கையிலயும் பாதி தெறந்தே கெடக்கு. முழிப்பு வந்து திரும்பிப் பாத்தா என்னையவே பாக்க மாதிரி இருக்கு. மந்திரிச்சும் பாத்தாச்சு."

அந்தம்மாவின் தலையில் ஒட்டியிருந்த கம்பெனிப் பஞ்சு ஒன்று ஃபேன் காற்றில் எழும்பி, மிதந்து, முத்தையாவின் கருவிழி மேலேயே உட்கார்ந்தது. முத்தையா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இமை அசையவில்லை. 

பஞ்சை எடுத்துவிட்டுச் சாயம் வைத்தேன்.

"போட்டாச்சா சார்?"

"எரியலையா?"

"என்னத்த எரிய?"

கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப்பில் பார்த்தேன். கருவிழி முழுக்கச் சிவப்பு. போர்வை என்று ஒன்றுமே இல்லை. அந்தச் சிவப்புக்குள்ளிருந்து ஒரு மனிதர் நிம்மதியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கூப்பிட்ட குரலுக்கு டாக்டரம்மா ஓடி வந்தார். "கண்ணுல என்ன விடுறீங்க?"

முத்தையா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். "பட்டறையில எல்லாருமே விடுவோம்மா. வெல்டிங் எரிச்சல் நிமிசத்துல போயிரும்."

ஆபரேஷனுக்கு முன்னால் நாங்கள் விடும் மரப்பு மருந்து அது.

"இது எரிச்சல ஆத்தலய்யா, கண்ணையே மரத்துப்போக வச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கருவிழியில ஓட்டை விழுந்து பார்வை போயிருக்கும்" என்றவர் பாட்டிலைக் குப்பையில் எறிந்தார்.

சில வாரம் கழித்து முத்தையா வந்தார். கண்ணீர் ஒழுக, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு. இமையைத் தூக்கினேன். "ஏலே, விடுல!" என்று கத்தி என் கையைத் தட்டிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நரம்பு விழித்துக்கொண்டது, கண் தப்பிவிட்டது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கத்துகிற நோயாளியைக் கண்டு பயப்படாதீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பவரைக் கண்டு பயப்படுங்கள்.

இந்தத் தத்துவத்தோடு பெருமையாக வெளியே வந்தேன். பெஞ்சில் முத்தையா பக்கத்து ஆளிடம் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்தா வாராரே, இவர்ட்ட கண்ணக் காட்டுறதுக்கு முந்தி எனக்கு ஒரு வலியும் கெடையாது."