துண்டுக்குள் இருந்த கை

இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் ஆரியசாலைக் கடைத்தெருவில் உண்டு. சிரிக்கட்டும். துண்டுக்குள் கையை விட்டது நெல்லையப்பன், அவர்கள் இல்லை. 1952 ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை.

நெல்லையப்பன் மிளகு, சுக்கு, ஏலம் என்று மலைச்சரக்குத் தரகன். அந்தத் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவரும் தரகனும் எதிரெதிரே உட்கார்ந்து, வலது கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து அழுத்தி விலை பேசுவார்கள். வாய் பாட்டுக்கு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். விலை படியும் முன் துண்டை விலக்கினவன் தரகனே இல்லை. அப்புறம் அந்தத் தெருவில் எவரும் அவனிடம் கை நீட்ட மாட்டார்கள்.

அந்த வித்தையில் ராஜா பகவதிப்பெருமாள். பதினாறு வருஷம் அவருக்குக் கீழே இரண்டாம் ஆளாகவே கிடந்தான் நெல்லையப்பன். "பெருமாள் கை பட்டாப் போதும்" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் இவனுக்கு வயிறு எரியும். ஆனி மாதம் பெருமாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். சுடுகாட்டில் எல்லோரும் அழுதார்கள். இவனும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உள்ளுக்குள் 'அப்பாடா, ஒழிஞ்சான்' என்றுதான் இருந்தது. அங்கேயும் ஒருத்தர், "அந்தக் கை இனி யாருக்கு வரும்" என்றார். செத்த ஆளைப் பார்த்தும் பொறாமைப்பட வைத்துவிட்டார்கள் பாவிகள்.

அன்று காலை முதலாளி தாணுலிங்கம் சொன்னார். "தென்காசி குற்றாலலிங்கம் வாராரு. நூறு மூட்டை சுக்கு. முடிச்சுக் குடுத்துட்டா பெருமாள் இடம் உனக்கு. இல்லேன்னா நான் வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

கடைக் கடிகாரத்தில் மணி 12.05. கைகளின் மேல் துண்டு விழுந்தது.

குற்றாலலிங்கம் எதிரே உட்கார்ந்து, ரயிலில் இடம் கிடைக்காத கதையைச் சொன்னார். உள்ளே ஒரு கை நெல்லையப்பனின் விரல்களைப் பிடித்தது. கண் அவர் முகத்தைப் பார்க்கிறது. காது அவர் குரலைக் கேட்கிறது. அப்படியானால் இந்தக் கையும் அவருடையதுதான் என்று மூளை மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. யாருடைய மூளையும் அப்படித்தான் போடும்.

12.08. சுக்குத் தூசியில் குற்றாலலிங்கத்துக்கு இருமல் வந்தது. லொக்... லொக்... தோள் குலுங்கியது. துண்டுக்கு வெளியே முழங்கை குலுங்கியது.

உள்ளே இருந்த கை அசையவில்லை.

நெல்லையப்பன் கண்ணை மூடினான். மூடியதும் கை மாறியது. கனத்த கை... குளிர்ந்த கை. மெல்ல அதன் ஆள்காட்டி விரலைத் தடவினான்.

நகம் இல்லை.

பெருமாளுக்குத்தான் அந்த விரலில் நகம் கிடையாது. சாக்கு ஊசி குத்திச் சீழ் வைத்துப் போனது.

கண்ணைத் திறந்தான். குற்றாலலிங்கம்.

மூடினான்... பெருமாள்.

மூக்கில் பெருமாள் உறிஞ்சும் பட்டணம் பொடி வாசனை. குற்றாலலிங்கம் பொடி போடுகிறவர் இல்லை.

துண்டை உதறிவிட்டு ஓடலாம். ஓடினால் இடம் போச்சு. 'செத்தும் விட மாட்டீரா ஓய்... இது என் இடம்.' பயத்தை ஆத்திரம் முந்திக்கொண்டது. விரலை இறுக்கினான்.

அந்தக் கை அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது. அவன் கேட்க நினைத்ததைவிட நல்ல விலை. சம்மதம் என்று அழுத்தினான்.

12.11. "படிஞ்சுது" என்று குற்றாலலிங்கம் துண்டை எடுத்தார்.

உள்ளே இரண்டே கைகள். நடுவில் ஒரு சாண் இடைவெளி.

முதலாளி முதுகில் தட்டினார். "பெருமாள் இடம் உனக்குத்தான்." பதினாறு வருஷம் காத்திருந்த வார்த்தை. நெல்லையப்பன் தன் வலது கையையே பார்த்தான்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு குற்றாலலிங்கம் அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஓய் நெல்லையப்பன், கோவிச்சுக்கிடாதேயும். நான் கையை நீட்டிக் காத்துக்கிட்டே இருந்தேன். உம்ம கை வரவே இல்லை. பெருமாளண்ணன் கைதான் வந்துது. அந்த விரல் எனக்குத் தெரியாதா?"

படியில் இறங்கினவர் திரும்பினார்.

"அடுத்த மாசமும் சரக்குக்கு வாரேன். அண்ணன்கிட்டயே பேசிக்கிடுதேன். நீரு சும்மா எதிர உக்காந்திருந்தாப் போதும்."