குற்றாலத்தில் குளித்து, இலஞ்சியில் பெண் பார்த்து, ‘ஏனுங்க’வில் மாட்டிய பயணம்

என் மூத்த பேரன் முருகேசன் ராணுவத்தில் நாயக். பனிமலையில் காவல் நிற்கிறான். அவன் தங்கை செல்வி போலீஸில் சப் இன்ஸ்பெக்டர். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படித்து, முதல் தடவையிலேயே தேறினாள். இளைய மகன் பிள்ளைகளில் கவிதா கோயம்புத்தூரில் வேளாண்மை மூன்றாம் வருடம். பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு. கடைக்குட்டி சதீஷ் சதுரங்கத்தில் கோப்பை வாங்கினான். கோப்பை டிவி மேல் இருக்கிறது, வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்காமலே எடுத்துப் பார்க்கலாம்.

கவிதாவின் அண்ணன் இசக்கிமுத்துவுக்கு வயது இருபத்தொன்பது. சொந்தமாகப் பன்னிரண்டு இருக்கை வேன் வைத்து ஓட்டுகிறான். ஒன்பது வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இதற்கெல்லாம் யாரும் கோப்பை கொடுப்பதில்லை. அதனால் ஊரில் இதைச் சேர்த்து எண்ணுவதும் இல்லை.

இந்தப் பயணமே அவனுக்காகத்தான். இதுவரை ஏழு வீட்டில் பெண் பார்த்தோம். ஏழு வீட்டிலும் கேசரி நன்றாக இருந்தது. ஏழு வீட்டிலிருந்தும் மறுநாள் போன் வந்தது: “பொண்ணு மேல படிக்கணும்ங்கா.” எட்டாவதாகத் தென்காசிப் பக்கம் ஒரு இடம் வந்தது. வீட்டுக்குப் போனால் ஊர் பேசும் என்று, இலஞ்சி முருகன் கோயிலில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி வைத்துக்கொள்ளலாம் என்றார் தரகர். ஆடி பிறந்துவிட்டால் பேச்சை எடுக்க முடியாது. அதனால் ஆனி கடைசி வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி என்று முடிவானது. குற்றாலத்தில் சீசன். முதலில் அருவி, பிறகு பெண் என்று நான் திட்டம் போட்டேன்.

திருவேங்கடத்திலிருந்து காலை ஐந்து பத்துக்குக் கிளம்பினோம். என் மருமகள், அதாவது இசக்கியின் அம்மா, எட்டாவது தடவை வர மாட்டேன் என்று படுத்துவிட்டாள். ஆகவே நான், இசக்கி, கவிதா, கவிதாவின் சிநேகிதி பிமலா, நான்கு பேர். பிமலாவுக்கு நேபாளத்தில் கிழக்கே, ஏலக்காய் விளையும் மலை ஊர். படிப்பதற்காக நாடு விட்டு நாடு வந்து கவிதாவோடு விடுதியில் இருக்கிறாள். லீவுக்குப் பத்து நாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் வாயில் அவள் விமலா ஆகிவிட்டாள். தமிழ் சுத்தமாகப் பேசுவாள். ஆனால் அத்தனையும் கோயம்புத்தூர்த் தமிழ், விடுதிச் சமையல்காரம்மா சொல்லிக்கொடுத்தது.

வழி சங்கரன்கோவில், சுரண்டை, தென்காசி. வண்டி மீட்டரில் குற்றாலம் வரை எழுபத்தாறு கிலோமீட்டர். சங்கரன்கோவிலில் ஆறு மணிக்குக் காப்பி குடித்தோம், ஒன்று பதினைந்து ரூபாய், சூடு போதாது. சுரண்டை தாண்டிக் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தபோது, பின் இருக்கையிலிருந்து பிமலா கூப்பிட்டாள்.

“ஏனுங்க, கொஞ்சம் ஏசியக் கொறைச்சுக்கறீங்களா?”

வண்டி சடக்கென்று நின்றது. குறுக்கே ஒன்றும் வரவில்லை. இசக்கி கண்ணாடியில் அவளைப் பார்த்தான். கவிதா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன், எங்கள் பக்கம் ஒரு பெண் அப்படிக் கூப்பிடுவது கட்டின புருஷனை மட்டும்தான்.

“ஏட்டி கவிதா, அவளுக்குச் சொல்லிக் குடுக்கக் கூடாதா?” என்றேன்.

“எங்க மெஸ்ஸுல காய்க்காரரக்கூட அப்படித்தானுங்க ஆச்சி கூப்பிடுவோம்” என்றாள் பிமலா, கண்ணை அகல விரித்து.

“அது அங்கன. இங்கன இவன அண்ணாச்சின்னு கூப்பிடு.”

“அண்ணாச்சியெல்லாம் வேண்டாம் ஆச்சி. எனக்கு அவ்வளவு வயசாயிட்டா?” என்றான் இசக்கி. பிறந்ததிலிருந்து எல்லோரும் அவனை ஏலே என்று கூப்பிட்டுத்தான் பார்த்திருக்கிறேன். தென்காசி வரும் வரை அவன் காது சிவந்திருந்தது.

ஏழு இருபதுக்குக் குற்றாலம். சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. வேன் நிறுத்த நூறு ரூபாய். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டால்தான் தருகிறார்கள். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் அதிகமில்லை. நான் அருவியைக் கையால் காட்டி, “எப்படி?” என்று பிமலாவிடம் கேட்டேன், நானே கட்டி வைத்தது போல.

“நல்லாருக்குதுங்க ஆச்சி. எங்க ஊட்டுக்குப் பின்னாடி இதே மாதிரி மூணு இருக்குதுங்க. அதுல எருமை குளிப்பாட்டுவோம்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அறுபது வருடமாகக் குளிக்கிற அருவி. ஆனால் அவள் தண்ணீருக்குள் போய் நின்றவள் இருபத்தைந்து நிமிடம் வெளியே வரவில்லை. காவலர் அம்மா விசில் ஊதி அழைத்த பிறகுதான் வந்தாள். “எங்க தண்ணி ஐஸுங்க, காலு வைக்க முடியாது. இதுல நாள் பூரா நிக்கலாம்” என்றாள். அப்போதுதான் எனக்கு மனம் சமாதானமானது.

கடைத்தெருவில் அடுத்த கூத்து. பிமலா நேந்திரங்காய் சிப்ஸ் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடந்தாள். கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கிப் பையைப் பிடித்தது. இவள் விடவில்லை. அதுவும் விடவில்லை. இசக்கி ஓடி வந்தான்.

“ஏட்டி! விடுட்டி பைய! கடிச்சிரும்!”

விட்டாள். குரங்கு சிப்ஸோடு கூரைக்குப் போனது. விருந்துக்கு வந்த பெண்ணை, வீட்டுச் சிறுசை ‘அடியே’ என்பது போல, ஏட்டி என்று அதட்டியதற்காக நான் அவனை ஒரு பாட்டம் திட்டினேன். அவள் கவிதாவிடம், “ஏட்டின்னா என்னடி?” என்று கேட்டாள். இந்தக் கழுதை சிரிக்காமல், “ரொம்ப மரியாதையான வார்த்தை, பெரியவங்களுக்குச் சொல்றது” என்று சொல்லியிருக்கிறது. எனக்குத் தெரியாது. காப்பிக் கடையில் பிமலா எனக்கு இருக்கையைத் துடைத்துப் போட்டு, இரண்டு கையாலும் டம்ளரை நீட்டி, “ஏட்டி ஆச்சி, காப்பி குடிக்கறீங்களா?” என்றாள். காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவருக்குக் கை தவறி, பாதிக் காப்பி தரையில். சின்னப் பெண்கள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நான் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

இலஞ்சி மூன்று கிலோமீட்டர்தான். பத்து இருபதுக்குப் போய்விட்டோம். இசக்கிக்குச் சட்டை மாற்றி, தலை சீவி, திருநீறு பூசி உள்ளே அழைத்துப் போனேன். பெண்கள் இருவரையும் வேனிலேயே உட்காரச் சொன்னேன். கோயில் வாசலிலேயே வேனை நிறுத்தினோம். வண்டி அவர்கள் கண்ணில் படட்டும் என்பது என் யோசனை. அதுதான் தப்பு.

மண்டபத்தில் பெண், பெண்ணின் அப்பா, அம்மா. பெண் லட்சணமாக இருந்தாள். போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அம்மாதான் பேசினாள்.

“வண்டி சொந்தமா ஆச்சி?”

“சொந்தந்தான். லோனெல்லாம் அடைச்சாச்சி.”

“பழக்கவழக்கம்?”

“காப்பி மட்டுந்தான்.”

அந்த அம்மாள் சிரித்தாள். அவள் புருஷனும் தலையாட்டினார். ஏழு வீட்டில் பார்க்காத தலையாட்டல் அது. முருகா, இந்தத் தடவை விட்டுவிடாதே என்று நான் மனசுக்குள் சொல்லி முடிக்கவில்லை, வெளியே தேங்காய் லாரியின் ஹாரன். எங்கள் வேன் வழியை மறித்து நிற்கிறது. கவிதா பூ வாங்கப் போயிருந்தாள் போல. பிமலா தனியாக, ஈரத் தலையோடு, மண்டபத்துக்குள் ஓடி வந்தாள்.

“ஏனுங்க! சீக்கிரம் வாங்க! வண்டிய எடுக்கோணுமாமுங்க!”

பெண் அப்போதுதான் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“இது யாரு?” என்றாள் பெண்ணின் அம்மா.

“பேத்தியோட கூட்டாளி. ஊரு நேபாளம். கோயமுத்தூர்ல இருக்கா” என்றேன் அவசரமாக.

“நேபாளத்துல கெட்டி, கோயமுத்தூர்ல வச்சிருக்கியளோ? நல்லா இருக்கு ஆச்சி ஒங்க பழக்கவழக்கம்!”

ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பிமலாவுக்குப் புரிந்தது. சரிசெய்ய நினைத்துக் கையைக் கூப்பி, தனக்குத் தெரிந்த பெரிய மரியாதையைச் செய்தாள்.

“ஏட்டி அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க.”

அவர்கள் வெளியேறினார்கள். இசக்கி போய் லாரிக்கு வழி விட்டான்.

வேனில் உட்கார்ந்து நான் கவிதாவை உண்டு இல்லை என்று ஆக்கினேன். அப்போதுதான் ஏட்டி விவகாரம் முழுதும் வெளியே வந்தது. இசக்கி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“ஏலே, எட்டாவதும் போயிட்டு. ஒனக்குச் சிரிப்பா வருது?”

“அந்தப் பொண்ணு என்னைய ஒரு தடவ நிமிந்து பாக்கல ஆச்சி. அவிய அப்பா வாசல்ல நின்ன வேனத்தான் பாத்தாவ.”

பிமலா அழுதுகொண்டிருந்தாள். திடீரென்று கதவைத் திறந்து இறங்கி, சாரலில் நடந்தாள். பெண் வீட்டார் கார் இன்னும் தெருமுனை மரத்தடியில் நின்றது. நாங்கள் வைப்பர் போட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். பிமலா இரண்டு கையாலும் பேசுகிறாள். அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்திருக்கிறாள். வைப்பர் ஒருமுறை போய் வந்தது. இப்போது அந்த அம்மாள் கை வாயில் இருக்கிறது, தோள் குலுங்குகிறது. சிரிக்கிறாளா, அழுகிறாளா தெரியவில்லை. ஏழு நிமிடம் கழித்துப் பிமலா நனைந்து திரும்பி வந்தாள்.

“எல்லாம் என் தப்புன்னு சொன்னேனுங்க ஆச்சி. இவரு வர்ற வழியில ஒரு அணிலுக்கும் ஒரு ஆட்டுக்குட்டிக்கும் வண்டிய நிறுத்துனாரு, ரோடு தாண்ட முடியாத ஒரு தாத்தாவ எறங்கிப் போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு, இப்படி ஒரு ஆள உடாதீங்கன்னு சொன்னேன்.”

“அதுக்கு அவ என்ன சொன்னா?”

“‘இவ்வளவு சொல்லுதியே, நீயே கெட்டிக்கோ ஏட்டி’ன்னு சொன்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“யோசிச்சுச் சொல்றேனுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.”

இசக்கி கிளட்சை விட்டான். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

மதியம் ஒன்றே காலுக்குத் தென்காசியில் சாப்பாடு, ஆளுக்கு நூற்றிருபது ரூபாய். கூட்டு நன்றாக இருந்தது. இசக்கி சாம்பார் என்று நினைத்துப் பாயசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி விமலா, வெளையாட்டுக்குச் சொன்னியா, நெசமாச் சொன்னியா?”

அவள் இலையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். “மூணு வருசமா எல்லாருக்கும் நான் நேபாளிப் பொண்ணுதானுங்க. கொரங்கு வந்தப்ப இவரு சொந்த ஊட்டுப் புள்ளைய மாதிரி அதட்டினாரு. அப்ப அர்த்தம் தெரியாது. இப்பத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் நல்லாத்தானுங்க இருக்குது.”

“ஏலே, நீ என்ன சொல்லுத?”

அவன் பாயசச் சோற்றை ஒரு வாய் முழுங்கினான். “நேபாளத்துக்கு வேன்ல போவ எத்தன நாளாவும்?”

கவிதா போனில் தட்டி, இரண்டாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்றாள்.

“நாலு நாள். டயர் மாத்தணும்” என்றான் இசக்கி.

நானும் அன்று ராத்திரி உடனே தூங்கிவிடவில்லை. பாஷை வேறு, சாப்பாடு வேறு, பேரன் கல்யாணத்துக்கு யார் மூன்று நாள் ரயிலில் போவது என்று மருமகள் அழுதாள். என்ன சாதி, என்ன குலம் என்று சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்டார்கள். ஏழு தடவை அலைந்தபோது உங்கள் வீட்டுப் பெண்ணைக் கொடுக்க யார் வந்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதோடு போன் நின்றது. அந்தப் பெண் படிப்பை முடிக்க வேண்டும், அவள் அப்பா அம்மா சம்மதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றது என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். இசக்கி இப்போது கோயம்புத்தூர் சவாரி என்றால் வாடகை பேசுவதே இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால்: காலை எட்டு மணிக்குள் அருவிக்குப் போய்விடுங்கள். தண்ணீர் கூடினால் குளிக்க விட மாட்டார்கள், ஆகவே கிளம்பும் முன் விசாரியுங்கள். சோப்பு, ஷாம்பு கூடாது. ஈரத்துணிக்குத் தனிப் பை வேண்டும். தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். எண்ணெய் தேய்க்கிறவரிடம் கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இலஞ்சியில் வண்டியைக் கோயில் வாசலில் விடாமல், தெருமுனையில் நிறுத்திவிட்டு நடங்கள். டீசல், சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்கள் நான்கு பேருக்கு மூவாயிரத்து நூறு ரூபாய் ஆனது.

கடைசியாக ஒன்று. நான் நோட்டில் எழுதுவதைத் தட்டச்சு செய்து இங்கே இணையத்தில் போடுகிற கவிதாவுக்குச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தின் தலைப்பில் உன் அண்ணன் படம் ஒன்று போட்டிருக்கிறாய். தலையில் எண்ணெய் வழிய, ஒரு கண்ணை மூடி, வாயைப் பிளந்துகொண்டு துண்டோடு நிற்கிறான். மாப்பிள்ளையை இங்கே பார்க்கலாம் என்று விமலா அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாளாம். மலையிலிருந்து இறங்கிச் சனிக்கிழமை சந்தைக்கு வரும்போதுதான் அவர்களுக்குப் போனில் படம் தெரியுமாம். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் அதை எடுத்துவிட்டு, நேற்று வீட்டு வாசலில் சந்தன நிறச் சட்டையில் எடுத்த புதுப் படத்தைப் போடு. வேனும் அதில் முழுசாகத் தெரிய வேண்டும், கழுவித்தான் நிறுத்தியிருக்கிறான். போட்டதும் என்னிடம் கொண்டுவந்து காட்டு.