மாடு உண்டு, சாணி இல்லை

எங்கள் கல்லூரிக் குழு கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய மிளகுக் கடைத்தெருவை விஆரில், அதாவது கண்ணாடி மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் காட்சியாக, உருவாக்கியிருக்கிறது. நாளை அருங்காட்சியகத்தில் திறப்பு.

இன்று சோதனைக்கு அம்மாவை அழைத்துப் போனேன். அம்மாவுக்குக் கார்ப்பரேஷனில் வேலை. பல வருடமாக அந்தத் தெருவைக் கூட்டுவது அவர்தான்.

விஆர் கண்ணாடியை மாட்டியதும் மூட்டைகளையும் மாட்டு வண்டிகளையும் ஆசையாகப் பார்த்தார். பிறகு குனிந்து தரையில் எதையோ தேடினார்.

"மோளே, இத்தனை மாடு போகுது, ஒரு பொட்டு சாணி இல்லையே! யாரு கூட்டுனது?"

தெருவை வடிவமைத்த ஃபாசில் நெளிந்தான். "அது டிசைன்ல இல்ல சேச்சி."

"அப்போ மாட்டையும் எடுத்துரு மோனே."

எங்கள் பேராசிரியர் சிரிக்கவில்லை. "சேச்சி சொல்றது சரி. இன்னைக்கே சேருங்க" என்றார்.

மாலைவரை ஃபாசில் சாணி வரைந்தான். அம்மா துடைப்பத்தோடு நடந்து காட்ட, அந்த அசைவையும் குரலையும் பதிவு செய்து, தெருவைக் கூட்டுகிறவராக அவரையும் காட்சியில் சேர்த்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முடிந்ததும் பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெரு நடுவே நின்றார். காட்சிக்குள்ளிருந்து அம்மாவின் குரல்: "ஓரமா மாறி நில்லுங்க சாரே!"

வெறும் அறையில் மனிதர் சட்டென்று இரண்டடி தள்ளி நின்றார்.

நாளை வருகிறவர்களே, நீங்கள் எத்தனை அடி தள்ளி நின்றீர்கள் என்று இங்கே கமெண்டில் உண்மையைச் சொல்லுங்கள்.