பத்திரமாக வைத்த கடிதம்

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான மூன்றாம் லயத்தின் முன்னால் நின்றேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு கடிதப்பெட்டி. ஏழாம் காம்பரா வீட்டின் கதவில், நாதாங்கிக்கு ஒரு சாண் மேலே, நான்கு ஆணி அடித்துப் பொருத்தியிருந்தார்கள். சிவப்புப் பெயின்ட். விரல் வைத்தேன், ஒட்டியது. எங்கள் ஊர்ப் பனியில் எதுவும் சீக்கிரம் காயாது. பெட்டியின் நெற்றியில் வெள்ளையில் 3/7 என்று எழுதியிருந்தது. கதவில் பூட்டு. பூட்டில் துரு.

பத்திரிகை வேலையாகத்தான் போயிருந்தேன். லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கம் போட்டு, இனி வீட்டுக்கு வீடு கடிதம் கொடுக்கப் போகிறார்கள். முந்நூறு சொல்லில் ஒரு செய்தி, ஒரு படம், அவ்வளவு போதும் என்றார் ஆசிரியர். இரண்டையும் அன்று மாலையே அனுப்பிவிட்டேன். முந்நூறு சொல்லுக்குள் அடங்காத மிச்சம் இது.

அந்த ஏழாம் காம்பராவில் யோகேஸ்வரி இருந்தாள். என் வகுப்பு. அவளும் அவளுடைய அப்பா ராமையா மாமாவும் மட்டும்தான். தாய், அவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதே இறந்துவிட்டாள். என் குடும்பம் கீழே ஆற்றோரம் முதலாம் லயத்தில். எங்கள் வாசலிலிருந்து அவள் வாசலுக்குப் படியும் குறுக்குப் பாதையுமாக ஏறினால் பன்னிரண்டு நிமிடம். பள்ளிக்கூட நாட்களில் அதை நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். எதையும் அளந்து பார்க்கும் புத்தி அப்போதே இருந்தது. பிறகு அதற்குச் சம்பளம் கிடைத்தது.

நாங்கள் படித்த காலத்தில் முழுத் தோட்டத்துக்கும் ஒரே விலாசம்தான். ஆள் பெயர், டிவிசன், தோட்டத்துப் பெயர், தபாலகம் றொசல்ல. கடிதங்கள் ஒரு பையில் தோட்டத்து ஆபீசுக்கு வரும். மறுநாள் காலை பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்தி யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரிக்கும்போது, கணக்கப்பிள்ளை கடிதக் கட்டையும் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் வரிசையை விட்டு முன்னே போய் வாங்க வேண்டும். ஆகவே யாருக்குக் கடிதம் வந்தது என்பது ஏழு மணிக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். உள்ளே என்ன என்பது தெரிய மட்டும் இரண்டு நாள் ஆகும்.

இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் டவுன் கடை விலாசம் கொடுப்பார்கள். அட்டன் டவுனில் ஹனீபா நானாவின் துணிக்கடை எங்களைப் போன்ற பல பேருக்கு வீட்டு விலாசமாக இருந்தது. பல்கலைக்கழக விண்ணப்பத்தை நானும் யோகாவும் அந்தக் கடையின் துணி வெட்டும் மேசையில் வைத்துத்தான் நிரப்பினோம். சாயம் போகாத புதுத் துணி வாசம் இன்றைக்கும் மூக்கில் பட்டால் எனக்கு அந்தப் படிவத்தின் கட்டங்கள் ஞாபகம் வரும். நான் கடை விலாசத்தை எழுதினேன். அவள் தோட்டத்து விலாசத்தை எழுதினாள்.

"நீயும் கடையப் போடுடி" என்றேன்.

"ஏன், எனக்கு வீடு இல்லையா? ஹனீபா நானா கடையில துணிக்கட்டுக்குப் பின்னாலயா குடியிருக்கேன்?"

"பெரட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிரும்டி."

"தெரியட்டும். எங்க அப்பா பேரச் சத்தமா கூப்பிடணும். வேலைக்குப் பிந்தி வந்தா அன்னிக்குக் கூலி இல்லன்னு பேரு வெட்டத்தான் இதுவரைக்கும் அந்தப் பேரக் கூப்பிட்டிருக்காங்க."

அவளோடு பேசி யாரும் ஜெயித்ததில்லை. புள்ளியிலும் அவள்தான் முன்னால்.

கேம்பஸ் கிழக்குக் கரையில் கிடைக்கும் என்பது வெட்டுப்புள்ளியைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஆனால் கடிதம் வந்தால்தான் நிச்சயம். கடிதம் மார்கழிக்கு முன்னால் வராது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அதுவரை நாங்கள் தயாரானோம். எங்களுக்குத் தெரிந்த அளவில் தயாரானோம் என்று சொல்வதே சரி. எங்கள் இருவரிடமும் இருந்த நல்ல உடுப்பு எல்லாம் கம்பளி. எனக்கு இரண்டு ஸ்வெட்டர், அவளுக்கு ஒன்றும் ஒரு மப்ளரும். இன்னொரு ஸ்வெட்டர் வாங்கப் போனபோது ஹனீபா நானா சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கம்பளிய இங்கயே வச்சிட்டுப் போங்க புள்ள. அங்க அடிக்கிற வெயில்ல தேங்கா வெடிக்கும். நுளம்பு வலை வாங்குங்க, நுளம்பு வலை."

கொசுவுக்குக் கட்டும் அந்த வலையை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. யோகா அதைத் தலையில் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி கடைக்குள் இரண்டு முறை நடந்தாள்.

பிறகு ராகிங். முதல் வருடத்துப் பிள்ளைகளைத் தீக்குச்சியால் மண்டபத்தை அளக்கச் சொல்வார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யோகா பயப்படவில்லை, பழகினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் லயத்தின் நீண்ட முன்திண்ணையான இஸ்தோப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, பன்னிரண்டு காம்பரா நீளத்தையும், குந்தியபடியே தீக்குச்சியால் அளந்தாள். நான் எண்ண வேண்டும். நானூற்றுச் சொச்சத்தில் தவறவிட்டேன். அவள் மனதுக்குள் தனியாக எண்ணிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். எண்ணூற்று அறுபத்திரண்டு. ஒன்பதாம் காம்பரா அக்கா, "என்னாடி தேடுறீங்க, தோடு விழுந்திருச்சா?" என்று கேட்டு, கொஞ்ச தூரம் எங்களோடு சேர்ந்து தேடவும் செய்தார்.

அந்த இடைப்பட்ட மாதங்களில் யோகா கொழும்புக்குப் போனாள். புறக்கோட்டையில் ஒரு கடையில் பொதி கட்டும் வேலை. கேம்பசுக்குத் தேவையான சாமான்களைத் தானே வாங்க வேண்டும் என்பது எண்ணம். வேலை செய்கிறவர்களுக்குக் கடையில் போன் கொடுக்க மாட்டார்கள். லயத்திலும் அப்போது போன் கிடையாது. அவளை பஸ் ஏற்ற ராமையா மாமாவும் நானும் போயிருந்தோம். பஸ்ஸின் மிதிபலகையில் நின்றுகொண்டு அவள் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

"அப்பா, கவர்மெண்டு கடிதம் ஒண்ணு வரும். வந்தா பத்திரமா வச்சிருங்க. யார் கையிலயும் குடுக்காதீங்க. தீபாவளிக்கு வந்து நானே பிரிக்கிறேன்."

"சரிம்மா."

பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.

கடிதம் மார்கழி வரை காத்திருக்கவில்லை. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே வந்துவிட்டது. எனக்கு வந்ததை ஹனீபா நானா கடைப் பையன் மூலம் சொல்லி அனுப்பினார். பதினான்கு நாளுக்குள் நேரில் வந்து பதிய வேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்கு என்று அதில் இருந்தது. மறுநாள் வேலை விட்டு வந்த அம்மா, கூடையை இறக்கும் முன்னே சொன்னாள்:

"இன்னிக்கு ராமையாண்ணன் பேரக் கூப்பிட்டாங்க. நீளக் கவரு. மனுசன் ரெண்டு கையாலயும் வாங்கி, கண்ணுல ஒத்திக்கிட்டாரு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இங்கே எழுதுவது, அது உண்மை என்பதால். யோகாவுக்கும் கிடைத்துவிட்டது. மாமா அவளுக்குச் சொல்லி அனுப்பியிருப்பார், கடிதத்தைக் கொழும்புக்கு அனுப்பியிருப்பார், இல்லையென்றால் அவளே வந்திருப்பாள். இந்த மூன்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பதினான்கு நாளில் கிராம சேவகரிடம் நான்கு முறை போனேன். பிறப்புச் சான்றிதழுக்கு நுவரெலியாவுக்கு ஒருமுறை போய் வந்தேன். மூக்குக்கண்ணாடிக்குப் புதுச் சட்டம் மாற்றினேன். பெட்டிக்குப் பூட்டு வாங்கி, சாவி சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் லயத்துக்கு ஏறவில்லை.

பதிவுக்குப் போன இடத்தில் ஒரு நீளப் பட்டியல் வைத்திருந்தார்கள். பெயருக்கு எதிரே ஒரு கட்டம். வந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். என் பெயருக்கு ஒன்பது வரி மேலே இராமையா யோகேஸ்வரி. கட்டம் காலி. அது கடைசி நாளுக்கு முந்திய நாள். நாளைக்கு வருவாள் என்று நினைத்து, விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் என் துவாயைப் போட்டு வைத்தேன்.

தீபாவளிக்கு முதல்நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். நடந்ததை டிசெம்பர் விடுமுறையில், அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி அவளே சொன்னாள். மாமா கதவைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்திருக்கிறார். அதில்தான் அவருடைய அப்பா இந்தியாவிலிருந்து வந்த பாஸ்போர்ட்டும், குடும்பத்தின் பிரஜாவுரிமைப் பத்திரமும் பூச்சி உருண்டை போட்டு இருந்தன. அவற்றுக்கும் அடியில், இரண்டு சொப்பிங் பைகளில் சுற்றி, பசை பிரியாமல் அந்தக் கவர்.

"யாரும் தொடலம்மா. ஆபீஸ் கிளாக்கர் ஐயா வாசிச்சுச் சொல்றேன்னு கேட்டாரு. அவருக்கும் குடுக்கல."

முன்பு ஒருமுறை வாசிக்கக் கொடுத்த கடதாசி ஒன்று ஆபீசிலேயே காணாமல் போய், இந்த நாட்டு ஆள்தான் என்று காட்ட அவருடைய அப்பா மறுபடி முதலிலிருந்து தொடங்க நேர்ந்ததாம். பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்ததற்குப் பதில் வரப் பதினொரு வருடம் ஆனதாம். அப்படிப்பட்ட வீட்டில், அரசாங்கம் அனுப்பிய ஒரு கடதாசிக்குப் பதினான்கு நாள்தான் ஆயுள் என்பது எப்படித் தெரியும்? பாதுகாக்கத் தெரிந்த அளவுக்கு அவர் பாதுகாத்தார்.

யோகா பிரித்து வாசித்திருக்கிறாள். தேதி போய் பதினைந்து நாள்.

"அப்பாகிட்ட என்னாடி சொன்ன?"

"இடம் கெடைக்கலன்னு எழுதியிருக்குன்னேன். அப்புறம் கணக்கப்பிள்ளை வூட்டு அண்ணன் வந்து விசயத்த ஒடைச்சிட்டாரு."

கொஞ்ச நேரம் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரட்டுல சத்தமா கூப்பிட்டாங்களா?"

"சத்தமாத்தான் கூப்பிட்டாங்களாம். அம்மா சொன்னாங்க."

"அப்ப ஒனக்குத் தெரியும்."

அது கேள்வி இல்லை. அவள் கீரையைக் கழுவ எழுந்து போனாள்.

மேன்முறையீடு எழுதினோம். இரண்டு பக்கம். தோட்டத்துத் தபால் முறை, தந்தையின் நிலை, எல்லாம். நான் எழுதியவற்றிலேயே மிகத் திருத்தமான எழுத்து அதுதான். அதற்குப் பதில் வந்த நாளை ஹனீபா நானா சொல்லித்தான் அறிவேன். பெரட்டில் பெயர் கூப்பிட்டதும் ராமையா மாமா வேலைக்குப் போகவில்லை. கவரைச் சட்டைக்குள் வைத்து, மேலே மழைக்குப் போடும் படங்கைச் சுற்றிக்கொண்டு, மழையில் குறுக்குப் பாதையால் ஓடி, கிடைத்த லொறியில் ஏறி, ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது வாசலில் நின்றிருக்கிறார்.

"ஒரு சொட்டுத் தண்ணி படல்ல புள்ள கடிதத்துல. ஆளு தொப்பமா நனைஞ்சிட்டாரு. வாசிங்க நானா, தேதிய மொதல்ல வாசிங்க, எத்தனாம் தேதி போகணும்ங்கிறாரு. நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். வெற்றிடம் நிரப்பப்பட்டு விட்டதுன்னு ஒரு வரி. அதுல தேதி ஒண்ணும் இருக்கல்ல."

மறுபடி பரீட்சை எழுதச் சொல்லி நான் அவளுக்கு எழுதினேன். கொழும்பிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. "படிச்சதெல்லாம் போச்சு. 862 மட்டும் ஞாபகம் இருக்கு." அதன் பிறகு நானும் குறைத்துக்கொண்டேன். படிப்பு, பிறகு வேலை என்று எனக்குக் காரணங்கள் நிறையக் கிடைத்தன.

ராமையா மாமா அதற்குப் பின் எந்தக் கவர் வந்தாலும், மின்சாரக் கட்டணப் பட்டியல் ஆனாலும், அன்றைக்கே யாரிடமாவது ஓடி வாசிக்கக் கொடுப்பாராம். தோட்டத்தில் பிள்ளைகள் அவருக்கு 'அவசரத் தந்தி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் இறந்தபோது யோகா வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருந்தாள். விடுப்புக் கிடைக்கவில்லை. இப்போது இருப்பது மூன்றாவது வீடு என்று ஒன்பதாம் காம்பரா அக்கா சொன்னார். பாஸ்போர்ட்டை அந்த வீட்டுக்காரர்கள்தான் வைத்திருக்கிறார்களாம். பத்திரமாக.

பெரட்டுக்களத்தில் இன்று லொறிகள் நிற்கின்றன. பெயர் கூப்பிடுவது நின்றுவிட்டது. குறுஞ்செய்தி போகிறது. ஹனீபா நானாவின் கடை இருந்த இடத்தில் போனுக்கு உறை விற்கிறார்கள். துணி வெட்டும் மேசையை யார் கொண்டுபோனார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. முதலாம் லயத்தை மண் சரியும் என்று இடித்துவிட்டார்கள். எங்கள் வாசல்படிக் கல் மட்டும் ஆற்றோரம் கிடக்கிறது. மூன்றாம் லயத்தின் பன்னிரண்டு கதவிலும் பெட்டி இருக்கிறது. ஆள் இருப்பது ஐந்தில்.

செவ்வாய்க்கிழமை அந்த வாசல்படிக் கல்லிலிருந்துதான் ஏறத் தொடங்கினேன். பதினான்கு நிமிடம் ஆனது.