அரைமணிக்குள் அவித்த முட்டை

எழுபதுகளின் கடைசியில், குன்னம் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது. ஆனாலும் அண்ணன் தண்டால் எடுத்து முடித்த அரைமணிக்குள் இரண்டு அவித்த முட்டையும் ஊறவைத்த கடலையும் அவன் முன்னால் இருந்தாக வேண்டும். முதல் பஸ்ஸின் ஹாரன்தான் எங்களுக்குக் கெடு. தாமதமானால் சதை கரைந்துவிடுமாம். பெரம்பலூர் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

போலீஸ் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேலை கிடைத்தால், பத்தாவது முடித்து வீட்டோடு நின்றிருந்த என்னை டவுனில் மேலே படிக்க வைப்பதாக அம்மா சொல்லியிருந்தாள். அதனால் அந்தச் சதையின் மேல் எனக்கும் அக்கறை இருந்தது. விடியுமுன் இருபது குடம் தண்ணீர் இறைத்து, முட்டையை அவித்து உரித்து வைத்துவிட்டு, அம்மாவோடு வெங்காயக் காட்டுக்குக் களை வெட்டப் போவேன். நாங்கள் கஞ்சி குடிக்க உச்சிப்பொழுதாகும். எங்கள் சதைக்கு அந்த விதி தெரியாது போலிருக்கிறது, கரையவே இல்லை. கோழிகள்தான் பாவம், நான்கு மாதம் ஒன்றைக்கூட அடைக்கு வைக்கவில்லை.

தேர்வு நாளன்று முட்டையைத் துணியில் கட்டிக் கொடுத்தேன். திருச்சி மைதானத்தில் ஓட்டத்தில் தேறிவிட்டான். அடுத்து மார்பளவு எடுக்க வரிசை. வரிசை நகரவில்லை, அரைமணி நகர்ந்துகொண்டிருந்தது. டேப்பு வைக்கிற நேரம் பார்த்துச் சதை கரைந்தால் என்ன ஆவது? நம் ஆள் வரிசையை விட்டுவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்ச் சாவகாசமாகச் சாப்பிட்டிருக்கிறான். நம்பரை மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆளை அளந்துவிட்டார்கள். எவ்வளவு கெஞ்சியும் திரும்பச் சேர்க்கவில்லை.

வரிசையில் நின்றபடியே தின்றிருக்கலாமே என்று கேட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டால்தான் உடம்பில் ஒட்டும் என்றான்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அம்மாவும் தலையாட்டினாள். அவனுக்கு அடுத்த வருஷம் இருந்தது. எனக்குத் தை மாதமே கல்யாணம் பேசினார்கள். அரியலூர் பக்கமிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண் காட்டு வேலைக்குத் தாங்குவாளா என்று விசாரித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக் காட்டினாள்.

"எங்க வூட்டுலயே இவளுக்குத்தாங்க ஒடம்பு கெட்டி."