இரண்டாவது ரேகை

காந்தி மார்க்கெட் ஓரத்தில் யமுனாவுக்கு ஒரு செல்போன் கடை. கடை என்பதே மரியாதைக்குத்தான்; இரண்டாவது ஆள் வந்தால் வெளியேதான் நிற்க வேண்டும். சிம் வாங்க வருபவர்கள் பெரும்பாலும் மூட்டை தூக்குபவர்கள். முப்பது வருஷம் சாக்கு இழுத்த கையில் ரேகை எங்கே இருக்கும்? சிம்முக்கு ஆதார் ரேகை எடுக்கும் மெஷினில் முதல் தடவை விழாது.

"விழலண்ணே, இன்னொரு தடவை வைங்க" என்பாள்.

"ரேகையெல்லாம் மூட்டையோட போயிடுச்சு பாப்பா" என்று சிரித்துக்கொண்டே வைப்பார் வெங்காய மண்டி பிச்சமுத்து.

தாய் தகப்பன் போனபின் தம்பி வளவனை வளர்த்தவள் யமுனாதான். டிப்ளமோ படித்துவிட்டு அரியமங்கலம் பட்டறையில் அரைச் சம்பளத்துக்கு நின்றவனிடம், தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்றான் ஒரு ஏஜென்ட். நம்பிப் போனவனை ஆற்றைக் கடத்தி மியான்மருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே அரசாங்கம் என்று ஒன்று இருப்பதாகப் பேர். துப்பாக்கி வைத்திருப்பவன்தான் தாசில்தார், அவனேதான் போலீஸ். கம்பிவேலிக்குள் உட்கார்ந்து நம் ஊர்க்காரர்களுக்கே போன் போட்டு ஏமாற்றும் வேலை. அதற்கு இந்திய நம்பர் வேண்டும்.

"இருபது சிம் அனுப்பினா விட்டுடறேங்கறாங்கக்கா. இல்லன்னா அடிக்கிறாங்க" என்று வளவன் போனில் அழுதான்.

மறுநாளிலிருந்து, விழுந்த ரேகையையும் விழவில்லை என்றாள் யமுனா. இரண்டாவது ரேகையில் அவர்கள் பேரிலேயே இன்னொரு சிம். பாவம் என்று தெரிந்தேதான் செய்தாள். இருபதும் ஆள் மூலம் போய்ச் சேர்ந்தது. தம்பி வரவில்லை.

மூன்றாம் மாதம் கடை வாசலில் ஜீப் நின்றது. வடக்கே ஏதோ ராணுவ அலுவலக ஊழியரைப் போனில் மிரட்டி உள்விவரம் கறந்திருக்கிறார்கள். மிரட்டிய நம்பர் பிச்சமுத்து பேரில் இருந்தது. வெங்காய விலையைத் தவிர எந்த ரகசியமும் அறியாத மனுஷரை ஜீப்பிலிருந்து இறக்கினார்கள்.

"நீ சொல்லு பாப்பா. எங்கிட்ட ஒரே ஒரு பட்டன் போன்தானே இருக்கு?"

யமுனா வாயைத் திறந்தாள். மேஜைமேல் போன் அதிர்ந்தது. வளவன் அனுப்பியிருந்தான்: "இன்னும் நாப்பதுக்கா. கடைசி."

"எனக்குத் தெரியாது சார்" என்றாள்.

"நாளைக்கு நீயும் ஸ்டேஷனுக்கு வரணும்மா" என்றார் அதிகாரி. பிச்சமுத்து அவளையே பார்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு மூட்டைக்காரர் புது சிம் கேட்டு வந்தார். விரலை வைத்தார். முதல் தடவையே பச்சை விளக்கு எரிந்தது. "விழலண்ணே" என்று யமுனா சொல்லவேயில்லை. அவரே துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"நம்ம கைக்கு என்னிக்கும்மா முதல் தடவை விழுந்திருக்கு?" என்று மறுபடியும் வைத்தார்.

மெஷினை அவள் நகர்த்தவில்லை.